கூடைக்குள் ஒரு கார்

சீனாவின் இணையச் சந்தையில் ஸ்கூட்டர் விலைக்கு மின்சார கார் விற்கிறார்கள். பார்ப்பதற்குக் காசில்லை. வாங்க நினைத்தால்தான் கணக்கு தொடங்குகிறது.

வெள்ளைப் பின்னணியில் ஒரு குட்டி கார். உருண்டை விளக்குகள், சைக்கிள் ரிக்ஷாவை நினைவூட்டும் சிறு சக்கரங்கள், பொம்மைக் கடையிலிருந்து எழுந்து வந்தது போன்ற உருவம். உள்ளே இரண்டு வரிசை இருக்கை, சின்ன மின்விசிறி, ரேடியோ, பின்பக்கம் பார்க்க ஒரு கேமராகூட உண்டு. கீழே விலை: ஆயிரம் டாலரும் சில்லறையும். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு லட்சத்துக்குள் அடங்குகிறது. இந்தியாவில் ஒரு நல்ல பெட்ரோல் ஸ்கூட்டரைப் பதிவும் இன்ஷூரன்ஸும் முடித்து வீட்டுக்குக் கொண்டுவர ஆகும் செலவு ஏறக்குறைய அதேதான். அரிசி, பருப்பு வாங்குவது போல காரையும் கூடையில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லாமல் சொல்கிறது அந்தப் பக்கம்.

இந்தியர்களுக்கு இந்த விலை ஒரு பழைய ஏக்கத்தைக் கிளறிவிடும். 2008 ஜனவரி 10 அன்று டெல்லி வாகனக் கண்காட்சி மேடையில் ரத்தன் டாடா நானோவைக் கொண்டு வந்து நிறுத்தி, விலை ஒரு லட்சம் ரூபாய் என்றபோது உலகமே திரும்பிப் பார்த்தது. மழையில் நனைந்தபடி ஸ்கூட்டரில் நால்வராகப் போகும் குடும்பத்துக்காகப் பிறந்த கார் அது. பத்தே ஆண்டுகளில், 2018-இல், அதன் உற்பத்தி நின்றுபோனது. டாடாவால் தக்கவைக்க முடியாத விலையில், அதுவும் பெட்ரோலே தேவைப்படாத காரை, சீனத் தொழிற்சாலைகள் எப்படித் தருகின்றன? தந்தால் அது நம் தெருவில் ஓடுமா?

தாத்தாவின் சந்தோஷம்

இந்தக் கார்கள் ஏற்றுமதிக்காகப் பிறந்தவை அல்ல. இவற்றின் தாய்வீடு கிழக்குச் சீனாவின் ஷான்டோங் மாகாணமும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளும். அங்கே இவற்றுக்கு 'லாவ் தோ லெ' என்று செல்லப்பெயர். 'கிழவரின் சந்தோஷம்' என்று பொருள். முதுகு சொறிந்துகொள்ளும் நீண்ட கைப்பிடிக் குச்சிக்குச் சீனர்கள் வைத்திருந்த பெயர் அது. பிள்ளைகளின் தயவு இல்லாமல் தன் முதுகைத் தானே சொறிந்துகொள்ள உதவும் குச்சியின் பெயர், பிள்ளைகளின் தயவு இல்லாமல் சந்தைக்குப் போய்வர உதவும் வண்டிக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

பெயரிலேயே வாடிக்கையாளர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. மகனும் மருமகளும் பெருநகரத்தில் வேலை பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்கள் தாத்தாவும் பாட்டியும் பேரக்குழந்தையும். பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டர், ஆஸ்பத்திரி ஐந்து கிலோமீட்டர். குளிர்காலத்தில் ஷான்டோங்கில் தண்ணீர் உறையும். சைக்கிளும் ஸ்கூட்டரும் வயதானவர்களுக்கு உதவாது. கார் ஓட்டும் உரிமத்துக்குப் பரீட்சை எழுதும் வயதும் தாண்டிவிட்டது. இந்த நிலையில் உரிமம், நம்பர் பிளேட், இன்ஷூரன்ஸ் எதுவும் கேட்காமல், வீட்டு பிளக்கில் சொருகினால் ஓடும் ஒரு வண்டி, சில ஆயிரம் யுவானுக்குத் தெருமுனைக் கடையில் கிடைத்தது. வாங்காமல் என்ன செய்வார்கள்?

ஷான்டோங்கில் மட்டும் 2017-இல் இத்தகைய மெதுவேக மின்வண்டிகள் 7 லட்சத்துக்கும் மேல் தயாராயின. டிராக்டர், மூன்று சக்கர வண்டி செய்துகொண்டிருந்த பட்டறைகள் கார் கம்பெனிகளாயின. வேலையும் வரியும் கிடைத்ததால் உள்ளூர் அதிகாரிகள் கண்டுகொள்ளவில்லை. கார் தயாரிக்க பெய்ஜிங்கிடம் உரிமம் வாங்க வேண்டும் என்பது சட்டம். இது காரே இல்லை என்பது பட்டறைக்காரர்களின் வாதம். சட்டத்துக்கும் வாதத்துக்கும் இடையிலிருந்த சந்தில் ஒரு தொழிலே வளர்ந்தது.

சந்தோஷத்துக்கு ஒரு விலை இருந்தது. ஐந்து ஆண்டுகளில் இந்த வண்டிகள் சம்பந்தப்பட்ட விபத்துகள் 8 லட்சத்து 30 ஆயிரம், இறந்தவர்கள் 18 ஆயிரம், காயமடைந்தவர்கள் 1 லட்சத்து 86 ஆயிரம் என்று சீனத் தொழில்துறை அமைச்சகம் கணக்குச் சொன்னது. 2018 நவம்பரில் ஆறு அமைச்சகங்கள் சேர்ந்து, புதிய தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் தடை போட்டன. 2021-இல் வந்த வரைவுத் தரவிதி, பேட்டரியின் ஒவ்வொரு கிலோவும் குறைந்தது 70 வாட்-மணி மின்சாரத்தைத் தாங்க வேண்டும் என்றது. மலிவான ஈய பேட்டரியால் இதில் பாதியைத்தான் எட்ட முடியும். எந்தத் தடைச் சொல்லும் இல்லாமலே ஈய பேட்டரிக்கு வாசல் அடைபட்டது. பெய்ஜிங் நகரம் இரண்டரை ஆண்டு அவகாசம் கொடுத்து, 2024 ஜனவரி 1 முதல் விதிகளுக்கு உட்படாத மூன்று, நான்கு சக்கர மின்வண்டிகள் சாலைக்கு வரவே கூடாது என்றது. இத்துறையின் பெரிய பெயர்களில் ஒன்றான ஷான்டோங்கின் லெவ்டியோ, முறையான கார் கம்பெனியாக மாற முயன்று, 2023-இல் திவால் நடவடிக்கையில் போய் நின்றது.

சொந்த ஊரில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சரக்குதான் இணையத்தில் நம் கண்ணுக்குப் பளபளக்கிறது என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

படத்தில் இல்லாத கணக்கு

இந்தக் கார்கள் குவிந்து கிடக்கும் அலிபாபா, 1999-இல் ஜாக் மா தன் நண்பர்களோடு ஹாங்சோ நகரில் தொடங்கிய நிறுவனம். சில்லறைக் கடையாக அது தொடங்கவில்லை. சீனத் தொழிற்சாலையையும் வெளிநாட்டு மொத்த வியாபாரியையும் சேர்த்துவைக்கும் தரகு மண்டபம் அது. அங்கே போட்டிருக்கும் விலை, பேச்சுக்கு ஆரம்ப விலை. ஒன்று வாங்கினால் ஒரு விலை, இருபது வாங்கினால் இன்னொரு விலை. அதுவும் பெரும்பாலும் 'எஃப்.ஓ.பி.' விலை: சீனத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றும்வரை மட்டுமே விற்றவரின் பொறுப்பு. கடல் கடப்பதும் கரை சேர்வதும் வாங்கியவர் பாடு.

இதைச் சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர் ஜேசன் டார்ச்சின்ஸ்கி. 2020-இல் ஜலோப்னிக் இதழுக்காக சாங்லி என்ற குட்டிக் காரை வரவழைத்தார். பக்கத்தில் போட்டிருந்த விலை 930 டாலர். அதில் பேட்டரி கிடையாது. பேட்டரியோடு 1,200 டாலர். கப்பல் கட்டணம், சுங்கத் தரகர், துறைமுகச் செலவு எல்லாம் சேர்ந்து வீடு வந்து சேர்ந்தபோது 3,000 டாலரைத் தாண்டிவிட்டது. காரைவிடக் காரின் பயணத்துக்கு அதிகச் செலவு. எலெக்ட்ரெக் என்ற மின்வாகன இதழின் மைகா டோல், அடுத்த ஆண்டு 2,000 டாலர் விலை போட்ட குட்டி டிரக் ஒன்றை வரவழைத்தார். அதன் இறுதி விலையும் பலமடங்காகப் பெருகியது.

இந்தியாவுக்கு வந்தால் கணக்கு எப்படிப் போகும்? உதாரணத்துக்கு, பேட்டரியோடு 1,200 டாலர் கார். கப்பல் கட்டணமும் இன்ஷூரன்ஸும் ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலோ மும்பையிலோ வந்து இறங்கும்போது மதிப்பு 2,200 டாலர். 40,000 டாலருக்குக் குறைவான முழுக் கார்களுக்கு இறக்குமதி வரி 2023 பட்ஜெட்டில் 60 சதவீதத்திலிருந்து 70 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆக 1,540 டாலர் வரி. அதன் மேல் மின்வாகனத்துக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி. மொத்தம் 3,900 டாலருக்குச் சற்று மேல், ஏறத்தாழ 3.3 லட்சம் ரூபாய். சுங்கத் தரகர் கூலியும், காகிதம் சரியில்லை என்று சரக்கு துறைமுகத்தில் தேங்கினால் நாள்வாடகையும் தனி.

பணம் கட்டினால் மட்டும் போதுமா என்றால், பெரிய சிக்கல் அதற்குப் பிறகுதான். எந்தப் புது மாடலும் சாலைக்கு வர, புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரின் ஐகேட், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள ஜி.ஏ.ஆர்.சி. போன்ற பரிசோதனை நிலையம் ஒன்றில் தேறி, வகைச் சான்றிதழ் பெற வேண்டும். பிரேக், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட், பேட்டரி என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை. ஒரு காருக்காக இதைச் செய்ய எந்தத் தனிமனிதராலும் முடியாது. விற்பவருக்கும் அக்கறை இருக்காது. ஆண்டுக்கு 2,500 வாகனங்கள்வரை இந்தியச் சோதனை இல்லாமல் இறக்குமதி செய்ய 2018-இல் சலுகை வந்தது. ஆனால் அது ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களின் தரச் சான்றிதழை ஏற்கெனவே பெற்ற மாடல்களுக்கு. சொந்த நாட்டிலேயே நம்பர் பிளேட் இல்லாத வண்டிக்கு அந்த வழியும் இல்லை.

சான்றிதழ் இல்லாவிட்டால் ஆர்.டி.ஓ. பதிவு இல்லை, பதிவு இல்லாவிட்டால் இன்ஷூரன்ஸ் இல்லை. 'மெதுவாக ஓடும் மின்வண்டிக்குப் பதிவே தேவையில்லையாமே' என்று பலரும் நினைக்கிறார்கள். 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும், மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைந்த வேகமும் உள்ள இரு சக்கர வண்டிக்கு உள்ள விலக்கு அது. நான்கு சக்கரத்துக்குப் பொருந்தாது. தொழிற்சாலைக்குள்ளோ, சுற்றுச்சுவருக்கு உட்பட்ட வளாகத்திலோ மட்டும் ஓடும்படி செய்யப்பட்ட வண்டியை மோட்டார் வாகனச் சட்டம் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. தென்னந்தோப்பு, விடுதி வளாகம், மில் வளாகம் உள்ளவர்களுக்கு அந்த அளவில் இது பயன்படலாம். வாசலைத் தாண்டினால் சட்டத்தின் கண்ணில் அது பதிவில்லாத வாகனம். யார் மீதாவது மோதினால் நஷ்டஈடு முழுவதும் உரிமையாளர் தலையில்.

ஒரு குதிரையின் பலம்

இத்தனை மலிவு எப்படிச் சாத்தியம்? சாங்லியின் மோட்டார் ஏறக்குறைய ஒரு குதிரை சக்தி. மாருதி 800-இன் எஞ்சின் 37 குதிரை சக்தி. ஆள் இறங்கி நடக்கும் அவசரமில்லாத சமதளத்தில் ஒரு குதிரை போதும். நால்வர் ஏறிய வண்டியை ஏற்காட்டு மலைப்பாதையில் ஏற்ற அது போதாது.

அடுத்தது பேட்டரி. 12 வோல்ட் ஈய பேட்டரிகள் ஐந்தைக் கோத்து 60 வோல்ட். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பதன் உறவுக்காரர்கள்தான். மொத்தம் சுமார் 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும். எடை 80 கிலோவுக்குக் குறையாது. அதே அளவு லித்தியம் பேட்டரி என்றால் எடை மூன்றில் ஒரு பங்குதான். விலை கூடும் என்பதால் அதைத் தொடுவதில்லை. ஈய பேட்டரியைச் சில நூறு முறை முழுதாகக் காலிசெய்து ஏற்றினால் ஆயுள் முடிந்தது. தினமும் ஓட்டுபவர் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழு செட்டையும் மாற்ற வேண்டும். கோடை வெயிலில் இன்னும் சீக்கிரம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டும் செலவு மிகக் குறைவு. ஒருமுறை முழுதாக ஏற்ற நான்கு யூனிட் செலவானாலும், யூனிட் ஏழு ரூபாய் கணக்கில் 28 ரூபாய். அதில் நாற்பது கிலோமீட்டர் போகலாம். அந்தக் காசுக்கு பெட்ரோல் பங்க்கில் முந்நூறு மில்லி கூட வராது.

மீதி மலிவு, இல்லாதவற்றால் வருவது. காற்றுப் பை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் இல்லை. மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு தான் நசுங்கி, உள்ளே இருப்பவரைக் காக்கும் முன்பகுதி இல்லை. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும்தான். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கிராமத்துத் தெருவில் போகும்போது இது பெரிய குறையாகத் தெரியாது. எதிரே வருவது மணல் லாரி என்றால் வேகம் உங்கள் கையில் இல்லை.

பெங்களூர் கற்றுத் தந்த பாடம்

இந்தப் பாதையில் இந்தியா சீனாவுக்கு முன்பே நடந்திருக்கிறது. 1993-இல் கேரளத்தின் சாலக்குடியைச் சேர்ந்த எடி நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா துணையோடு 'லவ்பேர்ட்' என்ற இருவர் அமரும் மின்சார காரைக் கொண்டுவந்தது. எடுபடவில்லை. 2001-இல் பெங்களூரில் சேத்தன் மைனி 'ரேவா'வைச் சாலைக்கு அனுப்பினார். அதிலும் ஈய பேட்டரி, அதுவும் குட்டிதான். உள்ளூரில் ஆதரவு குறைவு. லண்டனில் 'ஜி-விஸ்' என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேல் ஓடியது. நகரின் நெரிசல் கட்டணத்திலிருந்து விலக்கு கிடைத்ததே காரணம்.

ஐரோப்பியச் சட்டத்தில் ரேவா கார் அல்ல, 'குவாட்ரிசைக்கிள்'. காருக்கான மோதல் சோதனை அதற்குக் கட்டாயமில்லை. 2007-இல் பிரிட்டிஷ் போக்குவரத்துத் துறை அதை மோதவிட்டுப் பார்த்தபோது வந்த முடிவு கவலைக்குரியதாக இருந்தது. அதற்குப் பிறகு வண்டியைப் பலப்படுத்தினார்கள். பெயரில் விழுந்த கீறல் ஆறவில்லை. 2010-இல் மஹிந்திரா நிறுவனத்தின் பெரும்பங்கை வாங்கியது. காரைப் போலத் தோற்றமளிப்பது காரைப் போலக் காக்கும் என்று வாங்குபவர் நம்பிவிடுகிறார் என்பது ரேவா கற்றுத் தந்த பாடம்.

மலிவுக்கும் காருக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்று காட்டியது லியூசோ நகரின் வூலிங். சீன அரசு நிறுவனமான சாய்க்கும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் பங்கு வைத்திருக்கும் கம்பெனி இது. 2020 ஜூலையில் வந்த ஹோங்குவாங் மினி மின்காரின் ஆரம்ப விலை 28,800 யுவான். மூன்று மீட்டருக்கும் குறைந்த நீளம், நான்கு இருக்கை, லித்தியம் பேட்டரி, மணிக்கு 100 கி.மீ. வேகம், முறையான நம்பர் பிளேட். 2021-இல் மட்டும் 3 லட்சத்து 95 ஆயிரம் கார்கள் விற்றன. 'கிழவரின் சந்தோஷ'த்தைச் சந்தையில் வீழ்த்தியதில் அரசாணைகளுக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்தக் காருக்கும் உண்டு.

அதே குடும்பத்தைச் சேர்ந்த வூலிங் ஏர், குஜராத்தின் ஹலோல் ஆலையில் எம்.ஜி. காமெட் ஆகப் பிறவி எடுத்து, 2023 ஏப்ரலில் 7.98 லட்ச ரூபாய்க்கு இந்தியச் சந்தைக்கு வந்தது. சீனாவில் மூன்று லட்சத்துக்குக் கிடைத்த குட்டிக் காரின் உறவு இங்கே எட்டு லட்சமா? மலிவான சீன மாடலில் ஏ.சி.யும் காற்றுப் பையும் கிடையாது, பேட்டரி 9.2 யூனிட். காமெட்டில் ஏ.சி., இரண்டு காற்றுப் பை, 17.3 யூனிட் பேட்டரி. லட்சக்கணக்கில் செய்யும்போது வரும் சிக்கனமும் இங்கே இல்லை. விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி வசதிக்கு, ஒரு பகுதி உயிருக்கு.

டெல்லியின் தீர்ப்பு

சீனாவின் குழப்பத்தைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. டெல்லித் தெருக்களில் 2010 காமன்வெல்த் போட்டி சமயத்தில் தலைகாட்டிய இ-ரிக்ஷாவின் கதையும் இதேதான். சீன உதிரிபாகம், ஈய பேட்டரி, உள்ளூர்ப் பட்டறை; பதிவு, உரிமம், இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பத்து ரூபாயில் கொண்டுவிட்டதால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 2014 ஜூலையில் கிழக்கு டெல்லியில் இ-ரிக்ஷா மோதி ஒரு குழந்தை உயிரிழந்த சில நாட்களில், ஜூலை 31 அன்று, உயர் நீதிமன்றம் அவற்றை மொத்தமாக நிறுத்தியது. மிதித்து ஓட்டிய ரிக்ஷாவை விட்டுக் கடன் வாங்கி இதற்கு மாறியவர்கள் ஒரே நாளில் பிழைப்பிழந்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் சீனாவிலிருந்து மாறுபட்டது. மத்திய அரசு தடையை நீட்டிக்கவில்லை. 2015-இல் மோட்டார் வாகனச் சட்டத்தையே திருத்தியது. இ-ரிக்ஷாவுக்குத் தனி வகை, மணிக்கு 25 கி.மீ. வேக வரம்பு, நான்கு பயணிகள், பதிவு, ஓட்டுநர் உரிமம். பட்டறை வண்டி சட்டத்துக்குள் வந்தது. விதியை மீறி ஓடுபவை இன்றும் உண்டு. ஆனால் கேட்க ஒரு விதி இருக்கிறது.

சொந்தக்காரர் ஓட்டும் குட்டி வண்டிக்கும் அப்படி ஒரு கதவு பாதி திறந்தே இருக்கிறது. குவாட்ரிசைக்கிள் வகையை 2018-இல் அரசு தனியார் உபயோகத்துக்கும் அனுமதித்தது. பஜாஜின் கியூட் அந்த வழியாகத்தான் வந்தது. அந்த வகையில், மின்சாரத்தில் ஓடும், சீட் பெல்ட்டும் உறுதியான கூடும் நம்பகமான பேட்டரியும் கொண்ட ஒரு வண்டியை நியாயமான விலையில் செய்ய இந்தியத் தொழிற்சாலைகளால் முடியாததல்ல.

தேவை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது. பிள்ளைகள் பெங்களூரிலும் புனேயிலும் அமெரிக்காவிலும் இருக்க, அறுபத்தைந்து வயதில் ஸ்கூட்டரை உதைக்கப் பயந்து, எட்டு லட்சம் போட்டுக் கார் வாங்கவும் மனமில்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் ஷான்டோங்கில் மட்டும் இல்லை. அவர்களுக்கு வேகம் வேண்டாம், கௌரவம் வேண்டாம். மழையில் நனையாமல், விழாமல், கடைத்தெருவரை போய்வந்தால் போதும். சீனப் பட்டறைக்காரர்கள் அரசாங்கத்துக்கு முன்பே அதைப் புரிந்துகொண்டார்கள். அதைப் பத்திரமாகச் செய்யும் பொறுப்பை யாரும் ஏற்காததால் 18 ஆயிரம் உயிர் போனது.

அதுவரை இணையத்தில் அந்தக் குட்டிக் கார்களைப் பார்த்து ரசிப்பதில் தவறில்லை. பணம் அனுப்பும் முன் நான்கு கேள்விகள் மட்டும் கேட்டுவிடுங்கள்: விலையில் பேட்டரி சேர்த்தியா, எந்தத் துறைமுகம்வரை அந்த விலை, இந்தியச் சான்றிதழ் உண்டா, பேட்டரி தீர்ந்தால் மாற்றித் தர யார் இருக்கிறார்கள்? முதல் இரண்டுக்கு உடனே பதில் வரும். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பதில் இல்லாதவரை அது ஒரு லட்ச ரூபாய் கார் அல்ல. தோட்டத்தில் நிறுத்திவைக்க மூன்றரை லட்ச ரூபாய் பொம்மை.